வானத்தில் உருளும் குழவிக்கல்

(அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், நம் அன்பர்கள் கூடிய மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று இங்கே ஓர் உபன்யாசம் நடந்திருக்க வேண்டும். பேச வேண்டியவர் கடல் கொந்தளிப்பால் கப்பல் கிளம்பாமல் அக்கரையிலேயே தங்கிவிட்டார். "நீர்தான் ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்க்கிறீரே, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும்" என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். பக்தி விஷயம் கேட்க வந்தவர்களுக்கு பௌதிகம் பேசப் போகிறேன். பொறுத்தருள வேண்டும்.

இதைக் கேட்டதும் அடுத்த வீட்டு மாமி ஒரு கேள்வி போட்டார். "அவ்வளவு தூரத்துல இருக்கிற ஒரு கல்லு உருண்டையா இருந்தா என்ன, நீளமா இருந்தா என்ன? அதைத் தெரிஞ்சுண்டு நமக்கு என்ன ஆகப்போறது?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கடைசியில் வரும். அதுவரை யாரும் எழுந்து போக வேண்டாம்.

கப்பலில் கற்ற பாடம்

நான் முதன்முதலில் இந்தத் தீவுக்கு வந்தது கப்பலில். சென்னையில் ஏறி மூன்றாம் நாள் இரவு, தூரத்தில் ஒரு வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற கப்பல் அதிகாரி, "வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், எண்ணுங்கள்" என்றார். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இத்தனை வினாடிக்கு இத்தனை மின்னல் என்பது அதன் முகவரி. கட்டடம் கண்ணுக்குத் தெரியாது, கரையும் தெரியாது. இருட்டில் ஒரு புள்ளி மட்டும்தான். ஆனால் கையில் கடிகாரம் இருந்தால் அது எந்த விளக்கம், அங்கே விளக்கு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம்.

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே தெரியும் படம் நம்முடைய நார்த் பே கரைதான் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வெளியூர் அன்பர்கள் அந்த நோட்டு கையில் கிடைத்தால் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

சிறுகோள்கள் விஷயமும் இதே போலத்தான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான கற்கள் சூரியனைப் பிரதட்சிணம் செய்துகொண்டிருக்கின்றன. சில நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், பல ஒரு வீட்டை விடச் சிறியவை. சாதாரணத் தொலைநோக்கியில் எல்லாமே புள்ளிகள். சுமார் 270 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு சிறுகோள், 37 கோடிக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படித் தெரியும்? ஏறத்தாழ ஸ்வராஜ் தீவில், பழைய ஹேவ்லாக்கில், ஒருவர் கையில் பிடித்திருக்கும் ஓர் அங்குல நாணயத்தை இங்கிருந்து பார்ப்பது போலத் தெரியும். உருண்டையா சப்பையா என்று கண்ணால் எப்படிச் சொல்ல முடியும்? முடியாது. எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

நுங்கம்பாக்கத்து விண்மீன் கணக்கு

எண்ணுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் இல்லையா? அந்த அளவுகோலைத் தந்தவர் நம்ம சென்னையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, 1891-ல் சென்னையிலேயே காலமான ஒருவர் என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நார்மன் ராபர்ட் போக்சன் என்பது அவர் பெயர்.

பழைய காலத்தில் நட்சத்திரங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறாம் தரம் வரை பிரித்திருந்தார்கள். பிரகாசமானது முதல் தரம், கண்ணுக்கு எட்டாமல் எட்டுவது ஆறாம் தரம். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. 1856-ல் ஆக்ஸ்போர்டில் இருந்தபோது போக்சன் ஒரு யோசனை சொன்னார். முதல் தரம் ஆறாம் தரத்தைவிட நூறு மடங்கு பிரகாசம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு படிக்கும் 2.512 மடங்கு. அவ்வளவுதான். இன்றைக்கும் உலகம் முழுவதும் இதுதான் கணக்கு. விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்துக்கும் இதே அளவுகோல்தான்.

1861-ல் போக்சன் சென்னை வானாய்வுக் கூடத்துக்குப் பொறுப்பேற்று வந்தார். நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கிறதே, அதே வளாகம். வந்த சில வாரங்களிலேயே, ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஏசியா' என்றே பெயர். பட்டியலில் 67-ஆவது. பிறகு சென்னையிலிருந்தே 1864-ல் சாப்போ, 1866-ல் சில்வியா, 1868-ல் கமில்லா, 1885-ல் வேரா.

அதே கூடத்தில் அவருக்கு வலது கையாக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். நம் வட்டாரத்தில் இவர் பெயர் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டும். 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற, பிரகாசம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு நட்சத்திரத்தை இவர் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டியின் உறுப்பினரான முதல் இந்தியர் இவர்தான். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்து போனபோது, ஜனங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று பல மொழிகளில் புத்தகம் போட்டார். பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பதும் கண்ணால் காணும் வானமும் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் கணக்கைத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். வாக்கியமா திருக்கணிதமா என்று நம் வீடுகளில் இன்றும் சிராத்தத் திதி வரும்போது விவாதம் கிளம்புகிறதே, அதில் திருக்கணிதக் கட்சியின் முன்னோடிகளில் ஒருவர். 1880-ல் காலமானார்.

ஆக, பிரகாசத்தை அளக்கும் கோல் ஒருவருடையது, பிரகாசம் மாறுவதைப் பொறுமையாகக் கவனிக்கும் கண் இன்னொருவருடையது. இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்கள். அவர்கள் காலத்தில் சிறுகோளின் இருப்பிடத்தை அளந்தார்கள். அதன் உருவத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியது அதற்கும் பின்னால்தான்.

குத்துவிளக்கும் குழவியும்

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இங்கே மின்சாரம் நின்றுபோவதற்குக் குறைவில்லை. அப்படி ஒரு மாலையில் பேரனுக்குச் செய்து காட்டினேன். அறை இருட்டு. ஓரத்தில் குத்துவிளக்கு. சின்ன ஆட்டுரல் குழவியைக் கயிற்றில் படுக்கைவாட்டமாகக் கட்டித் தொங்கவிட்டுக் கயிற்றை முறுக்கி விட்டேன். விளக்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், குழவியின் நீண்ட பக்கம் நம் பக்கம் திரும்பும்போது நிறைய வெளிச்சம் திரும்பி வருகிறது. நுனி நம்மைப் பார்க்கும்போது வெளிச்சம் குறைகிறது. அதற்குப் பதில் ஒரு தேங்காய்ப் பந்தைத் தொங்கவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் வெளிச்சம் அப்படியே இருக்கும்.

வானத்தில் விளக்கு சூரியன். குழவி சிறுகோள். பார்ப்பவர் நாம். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அதன் பிரகாசத்தை அளந்து, நேரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்துக்கொண்டே போனால், மேடும் பள்ளமுமாக ஓர் அலை கிடைக்கும். அதற்கு ஒளி வளைகோடு என்று பெயர். நாடிபார்க்கும் வைத்தியர் மாதிரிதான். உடம்பைத் திறந்து பார்ப்பதில்லை. துடிப்பை வைத்துச் சொல்கிறார்.

1901-ல் எகான் ஃபான் ஓப்போல்ஸர் என்ற ஆஸ்திரியர், ஈராஸ் என்ற சிறுகோள் இப்படிப் பிரகாசம் மாறுவதைக் கவனித்துச் சொன்னார். அது 5 மணி 16 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று கணக்கிட்டார்கள். மிக நீளமான உருவமாக இருக்க வேண்டும் என்றும் ஊகித்தார்கள். ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து, 2000-ல் நியர் என்ற விண்கலம் ஈராஸைச் சுற்றிவந்து படம் எடுத்தது. 34 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலம். இருட்டில் எண்ணியவர்கள் சொன்னது சரியாக இருந்தது.

என் தவறு

இனி என் சொந்தக் கதை. ஓய்வு பெற்ற பிறகு எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றும், அதில் பொருத்தும் காமிரா ஒன்றும் வாங்கினேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டாம். சென்னையில் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றையாவது நான் அளந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. சில்வியாவைத் தேர்ந்தெடுத்தேன்.

நம் தீவில் இதற்கு ஒரு சௌகரியம், ஒரு அசௌகரியம். சௌகரியம் என்னவென்றால், இந்திய நேரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் அதற்குக் கிழக்கே பத்து டிகிரி. மார்கழியில் மாலை 5 மணிக்கே சூரியன் அஸ்தமித்துவிடும். சென்னைக்காரர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது நமக்கு நட்சத்திரம் வந்துவிடும். அசௌகரியம் மேகம். வருஷத்தில் பாதி மழை. தை மாதத்திலிருந்து பங்குனி வரை விட்டால் வானம் நம் வசம் இல்லை.

இதில் எனக்கு முன்னோடிகள் உண்டு. 1875 ஏப்ரல் 6 அன்று பூரண சூரிய கிரகணம். அதைப் பார்ப்பதற்கென்றே ராஃபேல் மெல்டோலா தலைமையில் இங்கிலாந்திலிருந்து ஒரு குழு நிக்கோபாரில் கமோர்ட்டாவுக்கு வந்து இறங்கியது. பெட்டி பெட்டியாகக் கருவிகள். கிரகண நேரத்தில் மேகம் மூடிவிட்டது. அத்தனை தூரம் கப்பலில் வந்தவர்களே பொறுத்துக்கொண்டார்கள்; நான் மாடிப்படி ஏறியவன்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அளக்கும் முறை எளிது. ஒரே படத்தில் சில்வியாவும் இருக்கும், பக்கத்தில் மாறாத நட்சத்திரங்கள் நாலைந்தும் இருக்கும். மெல்லிய மேகம் போனால் எல்லாமே சேர்ந்து மங்கும். நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் மேகத்தின் திருட்டு தெரிந்துவிடும். தராசில் எடைக்கல் வைப்பது போல. முதல் இரவு நாலு மணி நேரம் அளந்தேன். அலை ஒன்று அழகாக வந்தது. மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை 2 மணி 35 நிமிடம். விடிந்ததும் முதல் வேலையாக எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னேன். "சில்வியா 2 மணி 35 நிமிடத்தில் சுற்றுகிறது, நானே அளந்தேன்."

பிறகு புத்தகத்தைப் பார்த்தேன். 5 மணி 11 நிமிடம் என்று போட்டிருந்தது. சரியாக இரண்டு மடங்கு.

என்ன தவறு? குழவியை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றில் நீண்ட பக்கம் நமக்கு இரண்டு தடவை தெரிகிறது, நுனி இரண்டு தடவை தெரிகிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம். பேரனுக்கு நானே குழவி சுற்றிக் காட்டியிருக்கிறேன், எனக்கே தோன்றவில்லை பாருங்கள். அடுத்த இரவு மேகம். அதற்கடுத்த இரவு தொடர்ந்து ஆறு மணி நேரம் உட்கார்ந்தேன். அப்போதுதான் அடுத்தடுத்த இரண்டு மேடுகளும் ஒன்றுபோல இல்லை, ஒன்று கொஞ்சம் தட்டை, ஒன்று கொஞ்சம் கூர்மை என்று தெரிந்தது. கல்லின் இரண்டு விலாவும் ஒன்றல்ல. மூன்றாவது மேடு முதல் மேட்டைப் போலவே இருந்தது. 5 மணி 11 நிமிடம். மறுபடி எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லவேண்டி வந்தது.

இனி உருவம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் எத்தனை தரம் வித்தியாசம் என்பதே உருவத்தின் முதல் துப்பு. போக்சனின் கணக்குப்படி முக்கால் தரம் வித்தியாசம் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு; அதாவது கல்லின் நீளம் அகலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காவது இருக்கும். எனக்குக் கிடைத்தது சுமார் 0.4 தரம். கணக்குப் போட்டால் நீளம் அகலத்தைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய தொலைநோக்கிகள் சொல்வதற்கு அதிக தூரத்தில் இல்லை. 1866-ல் போக்சன் நுங்கம்பாக்கத்தில் ஒரு புள்ளியாகப் பார்த்ததை, நான் இங்கே மொட்டை மாடியில் ஒரு குழவியாகப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வார்த்தையில் சொல்ல முடியாது.

சில்வியாவைச் சுற்றி இரண்டு குட்டி நிலாக்கள் இருப்பதும் பின்னால் தெரியவந்தது. ஒன்று 2001-ல், இன்னொன்று 2004-ல். இரண்டு நிலா உள்ள சிறுகோள் என்று முதன்முதலாகத் தெரிந்தது இதுதான். பெயர்கள் ரோமுலஸ், ரீமஸ். ரோமானியக் கதையில் சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகள். சென்னைப் பிள்ளைகள் வரிசையில் கமில்லாவும் வேகக்காரிதான், 4 மணி 50 நிமிடம். ஏசியா நிதானம், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம்.

ஒரு கண் போதாது

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு அலையை வைத்து உருவத்தை முழுக்கச் சொல்லிவிட முடியாது. 1906-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் இதைக் கணித ரீதியாகவே எழுதினார். பாதி கருப்பு பாதி வெள்ளை அடித்த உருண்டையும் அலை காட்டும் அல்லவா? நீளக் கல்லா, இருநிறக் கல்லா என்று எப்படிப் பிரிப்பது?

இன்னொரு சிக்கல் பார்க்கும் திசை. சுழலும் அச்சின் நேர் மேலேயிருந்து பார்த்தால் குழவி எப்படிச் சுற்றினாலும் அதே நீளம்தான் தெரியும், வெளிச்சம் மாறாது. அந்த வருஷம் அளப்பவர் "இது உருண்டை" என்பார். இரண்டு வருஷம் கழித்து வேறு திசையிலிருந்து அளப்பவர் "இது நீளம்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே பல வருஷம், பல திசை, பல ஊர்களிலிருந்து அளந்ததை ஒன்று சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்து, எந்த உருவம் இந்த எல்லா அலைகளையும் ஒரே சமயத்தில் தரும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறையை ஃபின்லாந்தைச் சேர்ந்த மிக்கோ காசலைனனும் யோஹன்னா தோர்ப்பாவும் 2001-ல் வெளியிட்டார்கள். நிழலைப் பார்த்து ஆளைச் சொல்வது போன்ற வேலை. இன்று ஆயிரக்கணக்கான சிறுகோள்களுக்கு இப்படி உருவம் வரைந்திருக்கிறார்கள். அந்த அளவீடுகளில் பெரும் பகுதி, தங்கள் வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் உட்கார்ந்து அளக்கும் சாதாரண மனிதர்கள் கொடுத்தது.

சுழலும் வேகத்திலிருந்து இன்னொரு ரகசியமும் வெளிப்பட்டது. சுமார் 200 மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில், வெகு சில தவிர, எதுவும் 2 மணி 12 நிமிடத்தைவிட வேகமாகச் சுற்றுவதில்லை. ஏன்? கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கிறோம். பாகு சரியாக இருந்தால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் உடையாது. பாகு இல்லாமல் வெறும் பொரியைக் குவித்துச் சுற்றினால் சிதறிவிடும். இவை ஒரே பாறை அல்ல. தன் சொந்த ஈர்ப்பால் மட்டும் சேர்ந்திருக்கும் பாகில்லாத பொரிக் குவியல்கள். வேகமாகச் சுற்றியவை எல்லாம் எப்போதோ சிதறிவிட்டன. யாரும் போய்த் தொடாமல், வெளிச்சத்தை எண்ணியே இதைத் தெரிந்துகொண்டார்கள்.

2004 மார்கழி

இப்போது மாமியின் கேள்விக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26. இங்கே இருப்பவர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் போதும். மார்கழி, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை ஆறரை மணிக்கு அடுப்பில் பால் வைத்திருந்தோம். நிலம் ஆடிய ஆட்டத்தில் பாத்திரங்கள் எல்லாம் கீழே. வெளியே ஓடிவந்து நின்றபோது அவ்வளவுதான் என்று நினைத்தோம். கடல் வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கார் நிக்கோபார், கட்சால், பெரிய நிக்கோபார் பட்ட பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. நம் ஊரே ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கிற்று. சிப்பிகாட் வயல்களில் கடல் நின்றுவிட்டதை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறோம்.

அதே வாரத்தில், அதே நாட்களில், வானத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. நமக்குத் தெரியாது. உலகத்துக்கும் காது கொடுக்க நேரமில்லை. அந்த வருஷம் ஜூனில் கண்டுபிடித்துத் தவறவிட்ட ஒரு சிறுகோளை டிசம்பர் 18 அன்று மறுபடி பிடித்தார்கள். கணக்குப் போட்டால், 2029 ஏப்ரலில் அது பூமியில் மோதக்கூடும் என்று வந்தது. டிசம்பர் 24 அன்று அறுபதில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். 27-ஆம் தேதி முப்பத்தேழில் ஒரு பங்கு. எந்தச் சிறுகோளுக்கும் அதற்கு முன் அவ்வளவு உயர்ந்த எச்சரிக்கை வந்ததில்லை. அன்றே, அந்த மார்ச் மாதத்தில் எடுத்த பழைய படங்களில் அது மங்கலாகப் பதிந்திருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புள்ளிகளைச் சேர்த்ததும் 2029-ல் மோதாது என்று நிச்சயமாயிற்று. பிற்பாடு அதற்கு அபோஃபிஸ் என்று பெயர் வைத்தார்கள்; எகிப்தியக் கதையில் சூரியனை விழுங்க வரும் பாம்பு. நமக்கு ராகு எப்படியோ அப்படி.

2029-ல் மோதாது, சரி. பிறகு வரும் வருஷங்களில்? இங்கேதான் உருவமும் சுழற்சியும் தேவைப்படுகின்றன. நம் மொட்டை மாடி பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்து, ராத்திரி வெளியே விடுகிறது அல்லவா? சிறுகோளும் வெயிலில் சூடாகி, சுழன்று இருட்டுப் பக்கம் போனபின் அந்த உஷ்ணத்தை வெளியே விடுகிறது. அப்படி விடும்போது மிக மிக மெல்லிய ஓர் உந்தல் ஏற்படுகிறது. எறும்பு மூச்சு விட்டது போல. ஆனால் வருஷக் கணக்கில் சேர்ந்தால் பாதையே மாறும். அபோஃபிஸ் இப்படி வருஷத்துக்குச் சுமார் 170 மீட்டர் விலகுகிறது என்று 2020-ல் அளந்து சொன்னார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு விலகும் என்பது அது எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எப்படிப்பட்ட உருவத்தோடு சுழல்கிறது என்பதைப் பொறுத்தது.

2012 டிசம்பர் முதல் 2013 வரை பெட்ர் பிராவெச் என்ற செக் விஞ்ஞானியும் மற்றவர்களும் அபோஃபிஸின் வெளிச்சத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். அலை ஒழுங்காக வரவில்லை. இன்றைய அலை நாளைய அலை போல இல்லை. காரணம், அது ஒழுங்காகச் சுற்றாமல், வேகம் தளர்ந்த பம்பரம் போலத் தலையை ஆட்டிக்கொண்டு உருள்கிறது. தலையாட்டல் ஒன்றுக்கு ஏறத்தாழ 27 மணி நேரம். சுழற்சி ஒன்றுக்கு ஏறத்தாழ 263 மணி நேரம், அதாவது பதினோரு நாள். இவ்வளவும் ஒரு புள்ளியின் வெளிச்சத்திலிருந்து. 2021 மார்ச்சில் ராடார் அளவீடுகளையும் சேர்த்து, இன்னும் நூறு வருஷத்துக்கு அதனால் ஆபத்து இல்லை என்று அறிவித்தார்கள்.

ஆபத்து இருந்தால் என்ன செய்வது? அதற்கும் ஒத்திகை பார்த்தாயிற்று. 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் என்ற விண்கலத்தை டைமார்ஃபோஸ் என்ற சிறு நிலா ஒன்றின் மேல் வேண்டுமென்றே மோதவிட்டார்கள். அது டிடிமோஸ் என்ற பெரிய கல்லைச் சுற்றிவருவது. மோதலுக்கு முன் 11 மணி 55 நிமிடத்துக்கு ஒரு சுற்று. மோதியபின் 11 மணி 23 நிமிடம். 32 நிமிடம் குறைந்தது எப்படித் தெரிந்தது? ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது புள்ளியின் வெளிச்சம் சற்றுக் குறையும். அதைத் தொலைநோக்கியில் எண்ணினார்கள். கலங்கரை விளக்கம் எண்ணுவது போலத்தான்.

மாமி, இதுதான் பதில். கடலுக்கடியில் இருந்தது நம்மிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. அதைக் கேட்கும் கருவியும் அன்று நம்மிடம் இல்லை. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இன்று கடலடியில் கருவி வைத்து அளக்கிறார்கள். வானத்தில் இருப்பதோ சொல்லிக்கொண்டே வருகிறது. மினுக்கி மினுக்கிச் சொல்கிறது. உட்கார்ந்து எண்ணுவதற்கு ஆள் வேண்டும். அளக்காமல் விட்டதற்கு என்ன விலை என்பதை இந்தத் தீவில் உள்ளவர்களைவிட யார் அறிவார்கள்?

சௌமிய வருஷம்

முடிக்கும் முன் ஒரு தேதி. அபோஃபிஸ் 2029 ஏப்ரலில் பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். நம் தொலைக்காட்சிக்குச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள்களைவிட அருகில். முந்நூற்று நாற்பது மீட்டர் அகலக் கல். இந்துமகா சமுத்திரத்தின் மேல் மேற்கு நோக்கிப் போய், ஆப்பிரிக்கா, ஐரோப்பா, மேற்கு ஆசியா பகுதிகளில் வெறும் கண்ணுக்கே நகரும் நட்சத்திரமாகத் தெரியும். அது மிக நெருங்கும் நேரம் நம் கடிகாரப்படி ஏப்ரல் 14 விடியற்காலை மூன்று மணிக்குச் சற்றுப் பின். அன்று என்ன நாள்? சித்திரை ஒன்று. கீலக போய் சௌமிய வருஷம் பிறக்கும் நாள். விஷுக்கனிக்குத் தாம்பாளம் எடுத்துவைக்கும் நேரத்தில் தலைக்கு மேலே ராகு மாதிரிப் பெயர் கொண்ட ஒன்று, சௌமியமாக, தொந்தரவு செய்யாமல் போகும். நெருக்கத்தில் பூமியின் ஈர்ப்பு அதன் சுழற்சியையே மாற்றிவிடக்கூடும் என்கிறார்கள். அதனால் உலகமெங்கும் அதன் வெளிச்சத்தை எண்ணப் போகிறார்கள்.

சென்னையில் வேராவைக் கண்டுபிடித்து ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து, 1988 பிப்ரவரி 17 அன்று ஜவ்வாது மலையில் காவலூரில் ராஜமோகன் அவர்கள் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் என்று பெயர். நம் கும்பகோணத்துக் கணித மேதையின் பெயர்தான். போக்சன், ரகுநாதாசாரியார் விட்ட நூல் அறுந்துபோகவில்லை. நம் சங்கத்து அன்பர்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறீர்கள். பேரன் பேத்திக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு குத்துவிளக்கும் குழவியும் போதும். இருட்டில் உட்காரவைத்து, "பார்க்காதே, எண்ணு" என்று சொல்லிக்கொடுங்கள்.

 மாமி எழுந்து போகாமல் கடைசிவரை இருந்தார் என்பதைப் பதிவு செய்கிறேன்.